சிங்கப்பூர்ப் பணச்சந்தையும் ரெம்பாவ் தோட்டங்களும்

மலாய் மொழியில் மூலதனத்தை 'மோடால்' என்பர். அது நம் 'முதல்' என்னும் சொல்லேயாகும். நம் கடை அங்கே 'கெடாய்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. வாணிகத்துக்கு வேண்டிய சொற்களை நாம் கடல்கடந்து வழங்கியதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டி மகிழ்வது உண்டு. மகிழ்ச்சி தக்கதே. ஆயினும், சொல்லைக் கொடுத்தவர்களிடம் பொருள் எவ்வளவு தங்கிற்று என்னும் வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், சிங்கப்பூர்த் தீவையும், அதிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 150 மைல் தொலைவிலுள்ள நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் மாவட்டத்தையும் ஒருசேர நோக்க வேண்டியுள்ளது.

சிங்கப்பூர் இன்று உலகின் பெரும் பணச்சந்தைகளுள் ஒன்று. நாணய மாற்று வாணிகத்தில் இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அடுத்த இடத்தை அது 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெற்றது. அதன்பின் அவ்விடத்தை இழக்கவில்லை. இவ்வளர்ச்சியை விடுதலைக்குப் பிந்திய அரசின் திறமை என்று கூறி முடித்துவிடுவோர் பலர். திறமை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் வந்து தங்குவதற்கான பழக்கங்கள் அத்தீவில் ஒரு நூற்றாண்டாகவே ஊறிக் கிடந்தன. அவற்றை ஊட்டியவை மலாயாவின் ஈயமும் பால்மரமும் ஆகும். ரெம்பாவ் போன்ற ஊர்களிலிருந்து நோக்கினால்தான் இது தெளிவாகும்.

ரெம்பாவின் நிலத்தைப் பற்றி முதலில் ஒரு செய்தி. சிரம்பானுக்கும் தம்பினுக்கும் இடையே கிடக்கும் இம்மாவட்டம் உண்டாங் எனப்படும் தலைவரின் ஆட்சிமரபு உடையது. சுமத்திராவின் மினாங்கபாவு மக்கள் கொணர்ந்த 'அடாட் பெர்பாத்தே' என்னும் தாய்வழி வழக்கம் வேரூன்றியது. அவ்வழக்கப்படி வயலும் மனையும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். குலத்துக்குப் புறம்பானவர்க்கு அந்நிலத்தை விற்றல் ஆகாது. ஆங்கிலேயர் நிலப்பதிவைக் கொண்டுவந்தபோது இவ்வழக்கத்தையும் எழுத்தில் ஏற்றனர். 1909இல் நெகிரி செம்பிலானில் வழக்க நில உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1926இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. ஆகவே ரெம்பாவில் இருவகை நிலம் உண்டாயிற்று. ஒன்று, பணத்தால் தொட முடியாத வழக்க நிலம். மற்றொன்று, காட்டை அழித்துக் கம்பெனிகள் பெற்ற தோட்ட நிலம். பின்னையதை விற்கலாம், அடகு வைக்கலாம், பங்காகப் பிரித்து இலண்டனில் ஏலம் போடலாம். நம்மவர் வந்து இறங்கியது இந்த இரண்டாவது வகை நிலத்தில்தான். இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

பால்மரம் வந்த வழியைச் சுருக்கமாகக் கூறுவோம். 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. அத்தோட்டத்தின் தலைவராக 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். தோட்ட முதலாளிகளைச் சந்திக்கும்போதெல்லாம் விதையைச் சட்டைப் பையில் திணித்து அனுப்புவார் என்று அவரைப் பற்றிக் கதை சொல்வர். 1896இல் ரெம்பாவுக்கு அண்டையிலுள்ள மலாக்காவில், புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் தான் சாய் யான் என்னும் சீன வணிகர் வாணிக நோக்கில் முதல் தோட்டம் போட்டார். மரத்தின் வரலாறு அவ்வளவே. பணத்தின் வரலாறு இதனினும் சுவையானது.

1871 தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி வந்து சேர்ந்தது. அதற்குமுன் இலண்டன் விலை கப்பலேறி வாரக்கணக்கில் பயணம் செய்தது. அதன்பின் விலை பொருளுக்கு முன்னே ஓடத் தொடங்கிற்று. அடுத்தது நாணயம். நீரிணைக் குடியேற்ற வெள்ளி நெடுங்காலம் வெள்ளி உலோகத்தின் விலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 1906இல் ஒரு வெள்ளிக்கு 2 சிலிங் 4 பென்சு என்று அது பவுனோடு கட்டப்பட்டது. இலண்டனில் பணம் போடுவோனுக்கு இருந்த பெரும் அச்சம் இதனால் நீங்கிற்று. மோட்டார் வண்டிக்குச் சக்கர உறை வேண்டியிருந்த காலம் அது. 1910 ஏப்ரலில் இலண்டனில் ரப்பர் விலை ராத்தலுக்கு 12 சிலிங்குக்கு மேல் ஏறிற்று. நம் கணக்கில் ஐந்து வெள்ளிக்கு மேல். சிங்கப்பூரில் வேரூன்றியிருந்த கத்ரி, பூஸ்டெட் போன்ற முகவர் கம்பெனிகள் இங்கே நிலம் பெற்று, அங்கே பங்கு விற்று, இரண்டிடத்தும் தரகு பெற்றன. கத்ரி 1821இலும் பூஸ்டெட் 1828இலும் அத்தீவில் கடை திறந்தவை. ரெம்பாவின் காட்டை நேரில் கண்டிராத ஆங்கிலேயப் பாதிரியாரும் ஆசிரியரும் விதவையும்கூடத் தோட்டப் பங்கு வைத்திருக்க முடிந்தது இந்த முகவர்களால்தான்.

பங்குக்குப் பணம் வந்தது. கைகளுக்கு ஆள் வேண்டும். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகள் ஆள்கணக்குப்படி அதற்குப் பணம் கட்டுவர். கங்காணி ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவான். நாகையிலோ சென்னையிலோ கப்பல் ஏற்றுவான். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. விடியுமுன் பெரட்டு, பின்னர் நிரை பிடித்து மரம் வெட்டுதல், மங்குப் பாலை வாளியில் சேர்த்தல், ஸ்டோரில் கிராணி முன்னிலையில் எடை போடுதல் என்று நாள் கழியும். ஒட்டுப்பாலும் வீணாவதில்லை. அந்தப் பாலைத் தகடாக்கிப் புகையூட்டி மூட்டை கட்டி அனுப்பியபின் அதன் கதை என்ன ஆயிற்று என்பதை லயத்தில் இருந்தவர்கள் அறியார்.

அந்தக் கதை சிங்கப்பூரில்தான் நடந்தது. தொடக்கத்தில் மலாயா ரப்பர் முழுதும் இலண்டனுக்குச் சென்று அங்கேதான் விலை போயிற்று. 1911இல் சிங்கப்பூர் வணிகர் சங்கத்தைச் சார்ந்த ரப்பர் கழகம் அமைந்து, ஏலம் தொடங்கிற்று. முதல் உலகப் போரில் இலண்டன் வழி இடர்ப்பட்டபோது அமெரிக்கச் சக்கர உறைக் கம்பெனிகள் நேராகச் சிங்கப்பூரிலேயே வாங்கலாயின. ரெம்பாவின் மூட்டைகளுள் சில கிள்ளான் துறைமுகம் வழியாகவும் சில மலாக்கா வழியாகவும் போயிருக்கும். ஜொகூர் இருப்புப்பாதை 1909இல் முடிந்தபின் தெற்கு நோக்கியும் போயிருக்கும். மூட்டை எவ்வழிப் போனாலும் விலை மட்டும் சிங்கப்பூரில் கூறப்பட்டது. புகைத் தகட்டைத் தரகர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று தரம் பிரிப்பர். ஏலம் முடிந்த அன்றே தந்தி இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பறக்கும். நாளடைவில், கையில் இல்லாத பொருளை மூன்று மாதத்துக்குப் பின் தருவதாக இன்று விலை பேசும் முன்பேர வாணிகமும் வளர்ந்தது. பொருளைக் காணாமலே ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிப் பேரம் முடிக்கும் இப்பழக்கமே பணச்சந்தையின் அடிப்படை என்பது என் கருத்து.

இனி நம் செட்டியார்களின் பங்கு. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஒரு மேசைப்பெட்டி, அதன்பின் ஓர் ஏஜெண்டு, அடுத்தாள் ஒருவர், பெட்டியடிப் பையன் ஒருவன். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். ஏஜெண்டு மூன்றாண்டுக் கணக்குக்கு வந்து, கணக்கு முடித்துத் திரும்புவார், வேறொருவர் வருவார். 1859இல் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் வழிபாட்டுக்கு மட்டுமன்றிக் கூடிப்பேசித் தொழிற் பிணக்குத் தீர்ப்பதற்கும் இடமாயிற்று. ஆங்கிலேய பாங்குகள் சிறு வணிகனையும் சிறு தோட்டக்காரனையும் ஏறெடுத்துப் பாரா. செட்டியார் அந்த பாங்குகளிடம் தம் பெயரில் கடன் வாங்கித் தம் முதலோடு சேர்த்துச் சீனக் கடைக்காரருக்கும் மலாய்க் குடியானவருக்கும் கொடுத்தார். பெரிய பணத்துக்கும் சிறிய தேவைக்கும் இடையே அவர் பாலமாக நின்றார். வட்டி கடுமையானது என்ற பழி உண்டு. அது பல வேளைகளில் உண்மையே. ஆனால் வேறெவரும் கொடுக்காத இடத்தில் அவர் கொடுத்தார் என்பதும் உண்மை.

ஈண்டு ரெம்பாவின் வழக்க நிலம் நினைவுக்கு வர வேண்டும். மலாய் நிலம் செட்டியாரிடம் அடகில் மூழ்கிவிடும் என்ற அச்சத்தால் 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் பிறந்தது. 1933இல் அது மேலும் இறுக்கப்பட்டது. ரெம்பாவின் தாய்வழி வயல்களுக்கோ அதற்கு முன்பே காப்பு இருந்தது. குலத்துக்கு வெளியே செல்லாத நிலத்தை அடகு பிடித்து யாருக்கு என்ன பயன்?

பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த தமிழரும் மார்க்கெட் தெருவில் பெட்டியடியில் அமர்ந்த தமிழரும் ஒரே மொழியினர். பலர் அண்டை மாவட்டத்தினர். எனினும் பணத்தின் வழியில் அவர்கள் சந்தித்துக்கொண்டதில்லை. அடகு வைக்க நிலமற்ற தொழிலாளிக்கு ஏஜெண்டிடம் வேலையில்லை. தைப்பூசத்தில் முருகன் திருமுன் கூடியதோடு சரி.

1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி இவ்வமைப்பு முழுவதையும் உலுக்கிற்று. 1932இல் இலண்டன் விலை ராத்தலுக்கு 2 பென்சுக்கும் கீழே இறங்கிற்று. அதாவது ஏழு காசு. பல மாவட்டங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி 1930இலேயே ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேறி ஊர் திரும்பினர். சிங்கப்பூரில் ரப்பர் வேந்தர் எனப்பட்ட தான் கா கீயின் கம்பெனி 1934இல் கலைக்கப்பட்டது. அதே வீழ்ச்சியில் மூன்று ஹொக்கியன் பாங்குகள் 1932இல் ஒன்றாகி ஓவர்சீ சைனீஸ் பாங்கு என்று நிமிர்ந்தன. அதை வளர்த்தவர்களுள் தலையாயவர் லீ கோங் சியான். அவரும் ரப்பர் வணிகரே. இன்று அது அத்தீவின் மூன்று பெரும் உள்நாட்டு பாங்குகளுள் ஒன்று.

செட்டியார்கள் ஏன் அவ்வாறு நிமிரவில்லை? முயற்சி இல்லாமலில்லை. மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு, கடல்கடந்த தமிழர் முதலை நவீன பாங்கு முறைக்குக் கொண்டுவரும் நோக்கமுடையது. காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிடத்தும் ஒரே நாளில் கதவு திறந்தது. ஆனால் அதன் வீடு இந்தியாவில் இருந்தது. பெரும்பாலான கடைகள் குடும்பக் கடைகளாகவே நின்றன. மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும் ஏஜெண்டு அத்தீவில் வேரூன்ற எண்ணுவதில்லை. இலாபம் ஊருக்குச் சென்று வீடாகவும் கோயிலாகவும் கல்வியாகவும் மாறிற்று. செட்டிநாட்டு மாளிகைகளின் தேக்குத் தூண்களை வியப்பவர்கள் அவற்றின் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கலாம். பின்னர் சப்பானியர் ஆட்சிக்காலத்தில் பல கடனாளிகள் வாழைமர நோட்டில் கடனைக் கட்டித் தீர்த்தனர். அக்கணக்குகளை ஒழுங்கு செய்யவே 1948இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. 1951இல் வட்டித்தொழில் சட்டமும் வந்தது. 1970களின் பிற்பகுதியில் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் நிலம் கையகப்படுத்தப்பட்டு மறைந்தன. அந்த வட்டாரத்தில் இன்று வானளாவும் பாங்குக் கட்டடங்கள் நிற்கின்றன.

தோட்டத்துக்கு மீள்வோம். 1950இல் கொரியப் போர் மூண்டது. வல்லரசுகள் ரப்பரைச் சேமித்துக் குவித்தன. 1951 தொடக்கத்தில் சிங்கப்பூரில் ராத்தல் இரண்டு வெள்ளிக்கு மேல் போயிற்று. மலாயா ரப்பர் ஈட்டிய அமெரிக்க டாலர், போரால் நொடிந்திருந்த பிரிட்டனின் பவுனைத் தாங்கி நின்றது. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளுள் அவ்வளவு டாலரை ஈட்டிய நாடு வேறில்லை. தொழிலாளர் கூலியும் ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டது. 1954இல் பி. பி. நாராயணன் தலைமையில் தோட்டச் சங்கங்கள் ஒன்றுபட்டு, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. விலைக்கேற்ற கூலி என்பது அதன் பேச்சுவார்த்தைகளில் நீங்காப் பொருளாயிற்று. விலை ஏறும்போது இனிக்கும், இறங்கும்போது கசக்கும் ஏற்பாடு இது. பெரட்டில் நின்றவரின் மாதச் சம்பளம் அவர் கண்டிராத ஒரு சந்தைக் கூடத்தில் முடிவாயிற்று.

மலாயா விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் விலை கிடைத்தபோதே தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். இதுவே தோட்டத் துண்டாடல். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸீஸ் விரிவாக ஆராய்ந்தார். ஒரு தோட்டம் பத்து உடைமையாளர் கைக்கு மாறினால் லயம் யாருக்குச் சொந்தம்? கோயிலும் பள்ளியும் யார் பொறுப்பு? மரம் வெட்டியவருக்கு அந்நிலத்தின்மேல் ஓர் எழுத்தளவு உரிமையும் இல்லை. பக்கத்து வயலில் மலாய்ப் பெண்ணின் நிலத்தைச் சட்டம் காத்து நிற்க, வேலிக்கு இப்புறம் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பம் ஒரு மாத அறிவிப்பில் வெளியேறலாம். சுழன்று திரியும் பணத்துக்கு முழுதும் திறந்துவிட்ட நிலத்தின் தன்மை இது.

இதற்கு விடையாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தினார். நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் கட்டலாம். அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று மேடையில் பேசி உறுப்பினர் சேர்த்தார். கடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அதற்கு முன்னரும் சிக்கனச் சங்கங்களும் கூட்டுறவுக் கடைகளும் இருந்தன. எனினும், மரம் வெட்டுபவரே தோட்டத்துக்கு முதல் போட்டவராகவும் ஆனது இந்தச் சங்கத்தால்தான். 'முதல்' என்ற சொல் அப்போதுதான் லயத்துக்கு வந்தது எனலாம். துண்டாடல் முழுவதையும் தடுக்க அதன் பணம் போதவில்லை. அது வேறு செய்தி.

1965இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1967 சூன் 12இல் இரு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தபோது புதிய நாணயம் குறையவில்லை. ஆனால் மக்கள் கையிலிருந்த பழைய வெள்ளி குறைந்தது. ஒரு பழைய வெள்ளிக்கு 85 காசு என்று அறிவித்தனர். பினாங்கில் கடையடைப்பும் கலகமும் நிகழ்ந்தன. பணத்தை பாங்கில் போடாமல் தகரப் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கமுடைய தோட்டத்து மக்களுக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டுவதில்லை.

அடுத்த ஆண்டே, அதாவது 1968இல், ஆசிய டாலர் சந்தை தோன்றிற்று. சிங்கப்பூருக்கு ஆலோசகராயிருந்த டச்சுப் பொருளியலறிஞர் ஆல்பர்ட் வின்செமியுசும், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் சிங்கப்பூர் அலுவலர் வான் ஊனனும் உலக உருண்டையைப் பார்த்துக் கண்ட கருத்து இது என்பர். சான் பிரான்சிஸ்கோ கதவடைக்கும் நேரத்துக்கும் ஐரோப்பா கதவு திறக்கும் நேரத்துக்கும் இடையே பணச்சந்தை உறங்கிக் கிடந்தது. அந்த இடைவெளியில் சிங்கப்பூரின் பகற்பொழுது முழுதும் அடங்குகிறது. வெளிநாட்டார் இடும் டாலர் வைப்பின் வட்டிமீது வரி வேண்டாம் என்று அரசு விட்டுக்கொடுத்தது. வரியற்ற துறைமுகமாக 1819இல் தொடங்கிய தீவு, பணத்துக்கும் வரியற்ற துறையாயிற்று. 1871இல் தந்தி செய்த வேலையை இப்போது கதிரவன் செய்தான். ஆங்கிலச் சட்டமும் தரகர் கூட்டமும் கடன்பத்திரத்தை மதிக்கும் பழக்கமும் முன்பே அங்கிருந்தன. ரப்பர் ஏலமும் சீன பாங்குகளும் கிட்டங்கியும் அவற்றைப் பயிற்றியிருந்தன. 1971இல் நாணய ஆணையம் அமைந்தது. 1973இல் மலேசியாவும் சிங்கப்பூரும் பங்குச் சந்தையைப் பிரித்துக்கொண்டன. நாணயம் ஒன்றுக்கொன்று சமமாக மாறும் ஏற்பாடும் அவ்வாண்டே முடிந்தது.

மலேசியாவும் வாளாவிருக்கவில்லை. 1965இல் ரப்பரைக் கண்ணால் தரம் பிரிப்பதை விட்டு, அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று சோதனைச் சாலையில் அளந்து தரம் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. பாலின் தரம் உயர இது பெரிதும் உதவிற்று. ஆனால் அளந்து எழுதிய பொருளைக் காணாமல் வாங்குவது இன்னும் எளிது. ஆகவே இதனால் சிங்கப்பூரின் முன்பேரச் சந்தைக்கும் நலமே விளைந்தது. 1981 செப்டம்பர் 7 காலையில் இலண்டன் பங்குச் சந்தையில் மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் கத்ரியின் பங்குகளை விரைந்து வாங்கி, அக்கம்பெனியையே தன் கைக்குக் கொணர்ந்தது. 160 ஆண்டுப் பழமையான அம்முகவர் நிலையத்தின் தோட்டங்கள் நாட்டுடைமை போல் ஆயின. விடுதலை வேட்கையோடு செய்த அருஞ்செயல் அது. தோட்டக்காட்டில் வாழ்ந்தவருக்கு அதனால் நிலவுரிமை வரவில்லை என்பதையும் குறித்தல் வேண்டும்.

ரெம்பாவில் பால்மரம் அழிந்து செம்பனை பரவிற்று. செம்பனை எண்ணெயின் முன்பேர விலை 1980 முதல் கோலாலம்பூரில் பேசப்படுகிறது. காய் வெட்டுவோருள் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர். நம்மவரின் பிள்ளைகள் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும், சிலர் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கின்றனர். சிங்கப்பூர் ரப்பர்ச் சந்தை 2008இல் அந்நாட்டின் பொதுப் பங்குச் சந்தையோடு இணைந்தது. ஒரு பால்மரத் தோட்டமும் இல்லாத அத்தீவில் கூறப்படும் ரப்பர் விலையைத் தாய்லாந்தும் ஐவரி கோஸ்டும் இன்றும் எதிர்நோக்குகின்றன. ரெம்பாவின் வழக்க நிலப் பட்டாக்களிலோ, தாய்க்குப்பின் மகள் என்று பெண்களின் பெயர்களே தொடர்ந்து எழுதப்பட்டு வருகின்றன.